உயரம் நின்றால் வயதும் நிற்கும்

கிளெமான்ஸ் தொரானுக்கு அறுபத்தாறு வயதும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. இது அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊரான நியோனில் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்த தங்கை பெர்த்துக்குத் தெரியும். ஜெனீவாவில் வேறொரு ஆத்மாவுக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ள அவள் பெரிதாக ஒன்றும் பாடுபடவில்லை. ஏனென்றால் அவள் வேலை பார்த்த குழந்தைகள் ஆய்வு நிலையத்தில் ஊழியர்களின் அட்டைகளை எழுதி, அடுக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவளே அவள்தான். அவளுடைய அட்டையில் பிறந்த வருடம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு என்று அழகான கையெழுத்தில் இருந்தது. முப்பத்தொரு வருடங்களுக்கு முன் விளம்பரத்தில் "முப்பது வயதுக்கு மேற்படாத" தட்டெழுத்துப் பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேட்டதைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் நவம்பரில் மாநிலக் கல்வித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் டிசம்பர் முடிவோடு வேலையை விட்டுவிட வேண்டும். முசியே துவில்லார் என்ற அதிகாரி பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து அட்டைகளை எடுத்துப்போவார். கடிதத்தைத் தட்டச்சுப் பொறியின்மேல் வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள்: அட்டையின்படி அவளுக்கு அறுபத்தொன்றுதான், உண்மை வெளியே வராதவரை பயமில்லை.

வேலை போனால் பட்டினியில்லை, ஓய்வூதியம் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பேச்சு வராதே. பேராசிரியர் ரோஷாவும் அவருடைய உதவியாளர்களும் நகரத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, களிமண்ணை உருட்டியும் சர்பத்தைக் குட்டைக் குவளையிலிருந்து நெட்டைக் குவளைக்கு ஊற்றியும், இப்போது கூடியதா குறைந்ததா என்று கேள்வி கேட்பார்கள். கிறுக்கிய குறிப்புகள் மாலையில் அவள் மேசைக்கு வரும். பேராசிரியரின் கையெழுத்தைப் படிக்க உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். அவராலேயே முடியாது. நிலா நம் பின்னாலேயே வருவது எதற்கு, காற்றை யார் ஊதுகிறார்கள், ஆறு ஏன் திரும்பிப் போவதில்லை என்று பிள்ளைகள் சொன்னதையெல்லாம் தட்டியபடி அவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். இதை விட்டுவிட்டு நியோனுக்குப் போனால் பெர்த்தின் ஜாமும் பெர்த்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும்தான்.

பேராசிரியருக்கு உலகமே மாடிப்படி. யோசிக்கிற விதத்தில் பிள்ளைகள் முதல் படியில் நிற்பார்கள், ஏழு வயதுவாக்கில் அடுத்ததில் ஏறுவார்கள், பிறகு அதற்கடுத்தது. யாரைப் பார்த்தாலும் எந்தப் படி என்று சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருடம் பிடித்திருந்த பைத்தியம், வயதைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது. அக்டோபரில் டிராம் ஓட்டுநர் மகள் மிரேய், பக்கத்தில் உதவியாளன் மொரெல் நிற்க, சொன்னதை கிளெமான்ஸ் தன் கையாலேயே தட்டியிருந்தாள். பிள்ளைகளின் பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்கி, வயதை மாதக்கணக்கோடு போடுவது அங்கே வழக்கம்.

"மிரே. (5 வருடம், 11 மாதம்). உங்கம்மா பெரியவங்களா, இந்த மொரெல் அண்ணன் பெரியவரா? — மொரெல் அண்ணன்தான் வயசானவர், நெட்டையா இருக்காரே. — உங்க பாட்டிக்கு வருஷா வருஷம் வயசாகுதா? — இல்ல, பாட்டி வளர்றத நிறுத்திட்டாங்க. — நீ பாத்த ஏரி நீரூற்றுக்கு? — அதுக்கு இந்த வருஷம் ரொம்ப வயசாயிடுச்சு. புது இயந்திரம் வச்சு உசரமாக்கிட்டாங்க."

உயரம் நின்றால் வயதும் நிற்கும். எவ்வளவு பண்பான சித்தாந்தம்! பல்கலைக்கழகத்தில் எவனுக்காவது தோன்றியதா? கிளெமான்ஸ் அந்தத் தாளுக்கு ஒரு கார்பன் பிரதி கூடுதலாக எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். டிசம்பர் பன்னிரண்டு எஸ்கலாத் திருநாள். சவாய்ப் படை ராத்திரியில் மதில் ஏறி வந்தபோது ஒரு பெண்மணி கொதிக்கும் சூப்பை அண்டாவோடு அவர்கள் தலையில் கவிழ்த்தாளே, அந்த நாள். ஜெனீவாவில் எந்த வீட்டிலும் அன்றைக்குச் சாக்லேட்டில் செய்த அண்டா ஒன்று மேசையில் இருக்கும். கூட்டத்தில் எல்லாரையும்விட மூத்தவரும் எல்லாரையும்விட இளையவரும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே குத்தாகக் குத்தி அதை உடைக்க வேண்டும். நிலையத்தில் இருபது வருடமாக மூத்தவர், போ என்ற பெயருள்ள வாசல்காப்பாளர் கிழவர். அவர் அந்த இலையுதிர்காலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

அட்டைகளின்படி அடுத்த மூத்தவள் சமையல்காரி மதாம் ஜாக்கூ. அறுபத்து மூன்று. அவளை முன்னால் வரச் சொன்னால் என்ன நடக்கும் என்று கிளெமான்ஸுக்கு நன்றாகத் தெரியும். அண்டாவை வாங்கி வந்த அன்றே ஜாக்கூ சமையலறையிலிருந்து கத்தினாள்.

"இந்த வருஷம் யாரு மூத்தது? என்னயச் சொன்னீங்க, கரண்டிய வீசிட்டுப் போயிடுவேன்! நான் பள்ளிக்கூடம் போறப்பவே மத்மசேல் கிளெமான்ஸு தொப்பி போட்டுக்கிட்டு பாலத்துல நடந்து போனாங்க. நான் பாத்தேன்!"

"அது எங்க சித்தியா இருக்கும், மதாம் ஜாக்கூ," என்றாள் கிளெமான்ஸ்.

"அப்ப உங்க சித்திக்கும் அதே மூக்கா?"

துவில்லார் பையில் அட்டைகளோடு உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு எழக் கூடாது. ஒரு கூடத்தில் வயதைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிட்டால் லேசில் நிற்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பேராசிரியர் புகையிலைக் குழாயைப் பற்றவைக்கிற நேரம் பார்த்து அவள் உள்ளே போனாள்.

"பேராசிரியரே, எஸ்கலாத் அன்னிக்கு யார் மூத்தவங்கன்னு நம்மளே சொல்லாம, குழந்தையே தேர்ந்தெடுக்கட்டுமே. இளையவளா அந்த டிராம்காரர் மக மிரேய் வர்றா. நேரா போய் மொரெல் கையத்தான் புடிப்பா. முசியே துவில்லாருக்கு உங்க முதல் படிய கண்ணாலயே காட்டலாம்."

ரோஷாவின் கண்கள் ஒளிர்ந்தன. மொரெலுக்கு இருபத்தேழு வயது, கதவில் குனிந்துதான் நுழைவான்.

"அருமை! நானே இதச் சொல்லணும்னு இருந்தேன்," என்றார் ரோஷா. எதையும் அவரே சொல்ல இருப்பார். அது அவர் வழக்கம்.

கிளெமான்ஸ் நிம்மதியாகத் தூங்கினாள். குழந்தை மொரெலைக் காட்டும், எல்லாரும் சிரிப்பார்கள், சிரிப்போடு சிரிப்பாக அண்டா உடையும், துவில்லார் சூப் குடித்துவிட்டுப் போவார். விஞ்ஞானம் இவ்வளவு உபயோகமானது என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

பன்னிரண்டாம் தேதி மதியம் கூடத்தில் முப்பது பேர். நடுவே மேசையில் பாதாம் பசையால் செய்த குட்டிக் காரட்டும் முள்ளங்கியும் நிரப்பிய சாக்லேட் அண்டா. துவில்லார் வழுக்கைத் தலையும் வெள்ளிக் கடிகாரச் சங்கிலியுமாக முதல் வரிசையில், அட்டைப் பை முழங்காலில். பேராசிரியர் இருபது நிமிடம் பேசினார். மிரேய் அந்த இருபது நிமிடமும் ஒரு முள்ளங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகவே," என்று ரோஷா கடைசியில் கையை விரித்தார், "இந்தச் சின்னப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி. மிரேய், கண்ணு, இந்தக் கூடத்துலயே யாருக்கு ரொம்ப வயசு?"

மிரேய் அண்ணாந்தாள். பார்வை மொரெலின் முழங்காலில் ஆரம்பித்து, இடுப்பு, டை, தாடை என்று மெதுவாக ஏறியது.

"சும்மா பாத்துச் சொல்ல முடியாது," என்றாள் மிரேய். "கேக்கணும்."

"என்ன?"

"நெட்டையா இருந்தா மூத்தவங்கன்னு இல்ல. எங்க சித்தப்பா எங்கப்பாவ விட நெட்டை, ஆனா தம்பி. யாரு முன்னாடி பொறந்தாங்கன்னு கேட்டாதான் தெரியும்."

இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்தப் பொல்லாத குட்டி ஒரு படி ஏறிவிட்டது! இருபதாயிரம் பக்கம் தட்டச்சு செய்திருந்தும், பிள்ளைகள் நின்ற படியிலேயே நிற்பதில்லை என்ற ஒன்று மட்டும் கிளெமான்ஸுக்குத் தோன்றாமல் போயிற்று. எழுதியது பேராசிரியர், தட்டியது அவள், நம்பியதும் அவளே.

ரோஷாவோ குதித்தார். "பாத்தீங்களா, முசியே! பாத்தீங்களா! இரண்டாம் படி! நம்ம கண்ணு முன்னாலயே! கேளு கண்ணு, எப்படிக் கேக்கப் போற?"

மிரேய்க்கு முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் வருடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த, ஊர் ஏரியில் வானத்துக்குப் பீறிட்டெழும் நீரூற்றின் படத்தைக் காட்டினாள்.

"நீங்க என்ன மாதிரி சின்னதா இருந்தப்ப இது எப்படி இருந்துச்சு?"

முதலில் மொரெல். "நான் லோசான்காரன் பாப்பா. எங்க ஊர்ல நீரூற்று கிடையாது."

"அப்ப நீங்க ஆட்டத்துல இல்ல," என்று மிரேய் அவனைத் தள்ளிவிட்டு நகர்ந்தாள்.

மதாம் ஜாக்கூ கரண்டியோடு வாசலில் நின்றாள். "துறைமுகத்துலதான் இருந்துச்சு. இப்ப இருக்கறதுல பாதி உசரம். அதோட நான் ஒண்ணும் மூத்தவ இல்ல, சொல்லிட்டேன்!"

பேராசிரியருக்கு ஐம்பத்தெட்டு. அவரும் துறைமுகம் என்றார். துவில்லாரிடம் வந்தபோது அவர் குழந்தையிடம் பேசுகிற தோரணையில் குனிந்து, இனிக்க இனிக்கச் சொன்னார். "அந்த நீரூற்று அங்கயேதான் எப்பவும் இருக்கு, செல்லம். ஏரி உண்டானதுலருந்து."

கிளெமான்ஸ் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவள். தேவாலயத்தில் பாதிரியார் தேதியைத் தப்பாகச் சொன்னால் அவளுக்கு அரிப்பெடுக்கும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எப்பவும் ஒண்ணும் இல்ல. முதல்ல அது ரோன் ஆத்துமேல, நீர்விசைக் கூடத்துக்கிட்ட இருந்துச்சு."

"நிஜமாவா?" மிரேய் ஓடி வந்தாள். "நீங்க பாத்தீங்களா?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தி நின்ற நிற்பைப் பார்த்தால் எந்தக் கல்லும் கரைந்துவிடும். அதுவரை கிளெமான்ஸிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டதைத் தட்டுவதுதான் அவள் வேலை.

"அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன். சாயங்காலம் ஆனா கடிகாரப் பட்டறைக்காரங்க எல்லாரும் தண்ணி விசைல ஓடற இயந்திரத்த நிறுத்திருவாங்க. குழாய்ல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும். அத விடறதுக்காக மேல தொறந்துவிடுவாங்க, குபுக்குனு எந்திரிக்கும். அதப் பாத்துத்தான் எங்க தெருவுல எல்லாரும் உலை வைப்பாங்க. ஒருநாள் காத்து திரும்பி என் புதுத் தொப்பி பூரா நனைஞ்சுபோச்சு. நீல நாடா. சாயம் கழுத்துல எறங்கி, நாலு நாள் நீலக் கழுத்தோட திரிஞ்சேன். அப்புறம் துறைமுகத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க நீரூற்றத் திருடிட்டாங்கன்னு நான் ரோட்டுல உக்காந்து அழுதேன்."

ஜெனீவாக்காரனுக்கு மனைவி பிறந்தநாள் மறந்தாலும் நீரூற்று இடம் மாறிய வருடம் மறக்காது. துவில்லார் தொடையில் விரல்களைத் தட்டித் தட்டி எண்ணினார்.

"அது மாறினது தொண்ணூத்தொண்ணுல," என்றார் மெதுவாக. பையைத் திறந்து ஓர் அட்டையை உருவினார். "இங்க தொண்ணூறுன்னு இருக்கே, மத்மசேல். ஒரு வயசுல நாடா என்ன நிறம்னு ஞாபகம் இருந்துச்சா?"

ஒரு கணம் கிளெமான்ஸுக்கு நம்பிக்கை வந்தது. பேராசிரியர் எழுந்துவிட்டார். அவர் காப்பாற்றுவார், குழந்தைகளின் ஞாபகத்தைப் பற்றி அவர் சொன்னால் யார் மறுப்பது?

"முடியவே முடியாது!" என்று முழங்கினார் ரோஷா. "ஒரு வயசுல இப்படி ஒரு நினைவுக்கு வாய்ப்பே இல்ல, முசியே! என் புத்தகத்துல மூணாவது அத்தியாயம் பூராவும் இதுதான். காரணம், விளைவு, பட்டறை நின்னா தண்ணி எழும்புதுங்கற தொடர்பு. குறைஞ்சது அஞ்சு வயசு! கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன், அஞ்சரை!"

சொல்லிவிட்டு வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை. மொரெல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனுஷியைத் தானே வழியனுப்பிவிட்டோம் என்பது பேராசிரியருக்கு உறைக்க முழுதாக அரை நிமிடம் பிடித்தது. அவர் எந்தப் படியில் நின்றார் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

"நான் சொல்லல?" என்றாள் ஜாக்கூ வாசலில். பிறகு கிளெமான்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, சூப் ஆறுது," என்று முனகினாள்.

மிரேய்க்கு மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை. தேடின ஆள் கிடைத்துவிட்டது.

"அப்ப நீங்கதான்! வாங்க, கைய நீட்டுங்க. பலமாக் குத்தணும். போன வருஷம் எங்க வீட்ல தாத்தா மெதுவாக் குத்தி அண்டா உடையவே இல்ல."

சின்னக் கை அவள் கைக்குள் புகுந்தது. பிசுபிசுவென்றிருந்தது, ஒரு முள்ளங்கி ஏற்கெனவே காணாமல் போயிருக்க வேண்டும். கிளெமான்ஸுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருடமாக அடிவயிற்றில் இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒரு நாடா அவிழ்ந்தாற்போல் இருந்தது. இரண்டு பேரும் கையை ஓங்கினார்கள்.

"குடியரசின் எதிரிகள் இப்படியே அழிந்தார்கள்!" என்று அன்றைக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லும்போது, அவள் அண்டாவைப் பார்க்கவில்லை. நேராகத் துவில்லாரைப் பார்த்தாள். குத்து விழுந்தது. காரட் ஒன்று பறந்துபோய் அவர் வழுக்கையில் பட்டுத் தெறித்தது.

சூப் நேரத்தில் துவில்லார் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"எங்கம்மாவும் வயசக் குறைச்சுத்தான் சொல்வாங்க, மத்மசேல். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. மாசக் கடைசியோட..."

"தெரியுது, முசியே." அவள் கரண்டியால் சூப்பைக் கலக்கினாள். பெர்த்தின் ஜாம் ஜாடிகள் வரிசையாகக் கண்முன் வந்தன. எதிரே மிரேய், தன் கையிலிருந்த பெரிய சாக்லேட் துண்டைப் பேராசிரியர் ஆசையோடு பார்ப்பதைப் பார்த்து, அதை நாலாக உடைத்து, "இப்ப நிறைய இருக்கு, எடுத்துக்கங்க," என்று ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கிளெமான்ஸின் கரண்டி நின்றது.

"முசியே துவில்லார், இங்க வந்து போற பிள்ளைங்களுக்கும் அட்டை போடணுமா?"

"பிள்ளைங்களுக்கு எதுக்கு? வேலை செய்றவங்களுக்குத்தான் விதி. உக்காந்து பதில் சொல்லிட்டுப் போறவங்க கணக்கு எனக்கு வேண்டாம்."

"அவங்களுக்கு வயசு வரம்பு?"

"அது எங்க துறைல இல்ல. பேராசிரியர் இஷ்டம்."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். ரோஷா சாக்லேட் துண்டோடு மூலைக்கு ஒதுங்கி, முகம் தொங்கி நின்றிருந்தார்.

"மத்மசேல், நான்... அந்த மூணாவது அத்தியாயம்..."

"அத விடுங்க. உங்க புத்தகத்துல ஓட்டை இருக்கு, பேராசிரியரே. வயசப் பத்தி நாலு வயசுக்காரங்ககிட்ட கேட்டீங்க, பன்னெண்டு வயசு வரைக்கும் கேட்டீங்க. அதுக்கு மேல எல்லாருக்கும் புரிஞ்சிருச்சுன்னு யார் சொன்னது? இந்தக் கூடத்துல முப்பது பேர் இருந்தோம். ஒருத்தராவது தன் வயசச் சொல்ல முன்னால வந்தமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசிப் படி," என்றார். "படிக்கு அப்புறம் ஒரு படி! நானே இதச் சொல்லணும்னு இருந்தேன்!"

ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிளெமான்ஸ் தொரான் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த மிரேய், "சீக்கிரம் முடிங்க அத்தை!" என்று குரல் கொடுத்தாள். மொரெல் பென்சிலைச் சீவிக்கொண்டு, வெட்கத்தோடு எழுத ஆரம்பித்தான்.

"கிளெ., அறுபத்தாறு வருஷம், மூணு மாசம்..."

"நாலு மாசம்," என்றாள் அவள். "போன மாசந்தான் மூணு. தேதிய ஒழுங்காப் போடு தம்பி."

"மன்னிச்சிடுங்க, மத்மசேல். கேள்வி ஒண்ணு. உங்களுக்கு வருஷா வருஷம் வயசாகுதா?"

"இல்ல."

"ஏன்?"

"வளர்றது நின்னுபோச்சே."

மொரெலுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல பையன், ஆனால் விஞ்ஞானி. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, முதல் படி, என்று எழுதி அடிக்கோடிட்டான். பதில் சொல்ல வரும் பிள்ளைகளுக்கான விதிப்படி அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். அவள் அதை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளும்போது கதவு மெல்லத் திறந்தது. கையில் கற்றைக் காகிதத்தோடு பேராசிரியர் எட்டிப் பார்த்தார். புதிதாக வந்த தட்டெழுத்துப் பெண் பக்கத்து அறையில் அழுகிற சத்தம் கேட்டது.

"மத்மசேல் கிளெமான்ஸ்," என்றார் ரகசியமாக, "இங்க நான் என்ன எழுதியிருக்கேன்?"

அவள் வாங்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அக்டோபர் மாத மிரேய் மாதிரியே அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"நான் கேள்விக்கு வந்த பிள்ளை. எனக்குப் படிக்கத் தெரியாதே," என்றாள். "இன்னொரு பிஸ்கட் குடுத்தா, எழுத்துக் கூட்டிப் பாக்கறேன்."